பம்பில் கை வைக்க முதல்

வட இலங்கையின் வன்னி தட்டை நிலம். ரைமிங், அதாவது எஞ்சினுக்குள் டீசல் எரிகிற நேரம், பிசகிய பிக்கப் ஒன்று இங்கே மாதக்கணக்கில் பிடிபடாமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் வெறும் பெட்டியோடு வரும்போது எஞ்சின் ஐந்தாறு பாகை பிந்தி எரித்தாலும் ஓட்டுபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏற்றம் இருந்தால்தானே இழுவை தெரியும். குட்டு வெளிப்படுவது காலபோக அறுவடையில். பதினைந்து மூட்டை நெல்லை ஏற்றி, ஈரக் களிக்குள்ளிருந்து முதலாம் கியரில் வெளியே எடுக்கும்போது எஞ்சின் திணறும், பின்னால் வெள்ளைப் புகை மூடும், சூட்டு முள் ஏறும்.

உடனே சுற்றி நிற்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பம்ப் போட்டுது." டீசலைச் சிலிண்டருக்குள் அடிக்கிற பம்ப் பழுது என்று அர்த்தம். அதைக் கழற்றி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கட்டி அனுப்புவார்கள். அது கழுவி, சீல் மாற்றி, சோதனைப் பெஞ்சில் ஓட்டிப் பார்த்துத் திரும்பி வரும். பூட்டினால் அதே புகை. ஏனென்றால் பிழை பம்புக்குள் இல்லை, பம்பைச் சுற்றுகிற பெல்ற்றில் இருந்தது. பல் தாண்டிய, அதாவது புல்லியில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்த, பெல்ற்றை விட்டுவிட்டுப் பம்பைத் திருப்பித் திருப்பிச் சமாளித்த வண்டிகள் இந்தப் பக்கம் நிறைய ஓடுகின்றன. பெல்ற்றையும் குறிகளையும் பார்க்காமல் பம்பில் ஸ்பனர் வைக்கக் கூடாது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

இங்கே எழுதுவது ரொயோட்டா ஹைலக்ஸில் வருகிற எல் வகை டீசல் எஞ்சின்களை வைத்து: 2எல் (2446 சிசி), 3எல் (2779 சிசி), 5எல் (2986 சிசி). மூன்றிலும் நான்கு சிலிண்டர், தலைக்கு மேல் வால்வுகளைத் திறக்கிற ஒரு காம் தண்டு, ஒரு ரைமிங் பெல்ற், கொம்பியூட்டர் இல்லாத சுழல் பம்ப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்தப் பழைய எஞ்சின்கள்தான் பாரத்தைச் சுமந்தன, இன்னும் சுமக்கின்றன. மிற்சுபிசி 4டி56 வைத்திருப்பவர்களுக்கும் முறை கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அதில் அதிர்வு குறைக்கும் தண்டுகளுக்கென்று இரண்டாவதாக ஒரு சின்னப் பெல்ற் இருக்கிறது. அது அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் சுருண்டு அதையும் கொண்டுபோகும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். நிசான் டிடி27 வைத்திருப்பவர்கள் பெல்ற் கதையை விட்டுவிட்டுப் புகை, பம்ப் பற்றிய பகுதிகளை மட்டும் வாசித்தால் போதும். அதில் எல்லாம் பற்சில்லு.

முதலில் ஒரு கணக்கு. பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் காமும் பம்பும் ஒரு சுற்று. அதனால் பம்பின் உடலை 1 பாகை திருப்பினால் எரிப்பு 2 கிராங் பாகை மாறும். பெல்ற் கிராங் புல்லியில் ஒரு பல் தாண்டினால் எவ்வளவு என்பதை அந்தப் புல்லியின் பல்லை எண்ணினால் தெரியும்: 360ஐ எண்ணிக்கையால் பிரியுங்கள். 24 பல் என்றால் 15 பாகை, 20 பல் என்றால் 18 பாகை. இதைப் பம்பைத் திருப்பிச் சரிக்கட்ட ஏழெட்டுப் பாகை பம்ப் திரும்ப வேண்டும். திருப்பி ஓரளவுக்குப் புகையைக் குறைத்தாலும் காம் பிந்தியபடியேதான் இருக்கும். வால்வு பிந்தி மூடும், காற்று முழுதாக அமுங்காது. காதால் கேட்டு ரைமிங் வைப்பவர்கள் மறப்பது இதைத்தான். பம்பும் காமும் ஒரே பெல்ற்றில் தொங்குகின்றன. பம்பைத் திருப்பினால் ஒன்றுதான் திரும்பும்.

புகையை வாசிப்பது எப்படி? பிந்தி எரிந்தால் வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும் டீசல் மணம், காலையில் ஸ்ரார்ட் எடுக்க நேரம், பாரத்தில் சோர்வு, சைலன்சர் பக்கம் அளவுக்கு மிஞ்சின சூடு. எரிகிற டீசல் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக வெளியேறும் வழியிலேயே எரிந்து முடிகிறது. முந்தி எரிந்தால் சத்தம் முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்பில் சுத்தியல் அடிக்கிற மாதிரி கடகடவென்ற அடி, பாரத்தில் கறுப்புப் புகை. முந்தி வைத்த எஞ்சின் முதல் நாள் நன்றாக இழுக்கிற மாதிரி இருக்கும், அதனால் சிலர் அதை விரும்பிக் கேட்டும் வைக்கிறார்கள். பிஸ்டன் தலையும் கேஸ்கற்றும்தான் அதற்குக் கடன் கட்டும். வெள்ளைப் புகையில் டீசல் மணம் இல்லாமல் லேசான இனிப்பு மணமும், றேடியேற்றரில் தண்ணீர் குறைவதும் இருந்தால் அது ரைமிங் இல்லை. ஹெட் கேஸ்கற்றைப் பாருங்கள். நீலப் புகை ஒயில்.

வேறு இரண்டு விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் ரைமிங்குக்கு வர வேண்டும். ஒன்று ஹீற்றர் பிளக். நான்கையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பற்றறியில் சில விநாடி வைத்தால் நுனி சிவக்க வேண்டும். காலையில் மட்டும் புகைத்து, சூடானதும் முற்றாகச் சரியாகிற வண்டியில் முதல் சந்தேகம் இதில்தான். மற்றது காற்று. இந்தப் பம்ப் தாங்கியிலிருந்து தானே டீசலை உறிஞ்சுகிறது, வழியில் ஒரு வெடித்த குழாய் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். பம்புக்குள் போகிற குழாய்க்குப் பதிலாக உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் ஒரு முழம் பூட்டி ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் முதலில் அதை முடியுங்கள். பில்டரும் அடைத்துத்தான் இருக்கும், அதை மாற்றுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இனி, கையில் ஒன்றும் இல்லாமல் பார்க்கக்கூடிய தடயம் ஒன்று. பம்ப் எஞ்சினோடு சேருகிற விளிம்பில், பம்பின் மேல் ஒரு கோடும் அதற்கு நேரே எஞ்சின் பக்கத்தில் ஒரு கோடும் வெட்டியிருக்கும். ஊத்தையைத் தூரிகையால் துடைத்து, மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவி, லைற் பிடித்துப் பாருங்கள். இரண்டும் நேராகவோ, அல்லது ஒரு மில்லிமீற்றர் அளவு விலகியோ இருந்தால் யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. மூன்று நான்கு மில்லிமீற்றர் விலகி, நட்டுகள் துளைப் பள்ளத்தின் ஒரு முனையில் போய் நின்றால், யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள். பெல்ற் பல் தாண்டியதைத்தான் பெரும்பாலும். சிலவேளை வேறு வண்டியின் பம்பாகவும் இருக்கலாம். கொழும்பில் பழைய பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பூட்டிய பழைய பம்ப்களில் இது நடக்கும். பம்பின் தகட்டிலிருக்கிற இலக்கத்தையும் எஞ்சின் வகையையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கோடு சந்தேகம் தந்தால் அடுத்தது வால்வு கவர். ரைமிங் கவரைத் திறக்கிற பெரிய வேலைக்குப் போக முதல் அரை மணித்தியாலத்தில் காம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பற்றறியைக் கழற்றுங்கள், ஹீற்றர் பிளக் நான்கையும் எடுத்துவிடுங்கள், கிராங் லேசாகச் சுற்றும். விசிறிப் பக்கம் நின்று பார்க்கும்போது வலஞ்சுழியாக மட்டுமே சுற்றுங்கள். ஒன்றாம் சிலிண்டர் அமுக்கத்தின் முடிவில் ரொப்பில், அதாவது பிஸ்டன் உச்சியில், நிற்கும்போது நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வும் கை மாற்றுகிற நேரம்: வெளியேற்றும் வால்வு மூடிக்கொண்டிருக்கும், உள்ளிழுக்கும் வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். அந்த நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒரே அளவு அமுங்கி நிற்கிற இடம்வரை கிராங்கை மெதுவாகக் கொண்டுவாருங்கள். இப்போது கிராங் புல்லியின் குறியைப் பாருங்கள். கவரில் இருக்கிற முள்ளுக்கு நேரே, அல்லது மூன்று நான்கு பாகை இங்கிட்டு அங்கிட்டு இருந்தால் காம் சரி. பாகையை அளக்கக் கருவி வேண்டாம். புல்லியின் சுற்றளவை நூலால் அளந்து 24 ஆல் பிரித்தால் 15 பாகையின் நீளம் வரும். புல்லியின் குறுக்களவு 16 செ.மீ. என்றால் அது 21 மி.மீ. குறி அந்த அளவுக்குத் தள்ளி நின்றால் பல் தாண்டியது நிச்சயம். கவர் திறந்திருக்கும் நேரம் வால்வு இடைவெளியையும் அளந்துவிடுங்கள். காம் நேரே வால்வின் மேல் கிண்ணத்தை அமுக்குகிற பக்கற் வகையில், எஞ்சின் குளிராக, உள்ளிழுப்பது 0.20 முதல் 0.30 மி.மீ., வெளியேற்றுவது 0.40 முதல் 0.50 மி.மீ.

ஒரு பொறி இருக்கிறது இங்கே. கிராங் புல்லி ஒரே இரும்பு இல்லை. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இடையில் றப்பர். வயது போனால் றப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நழுவும், குறி வெட்டியிருப்பது அந்த வெளி வளையத்தில்தான். அதை நம்பி ரைமிங் வைத்தால் நல்ல எஞ்சினையும் கெடுப்பீர்கள். குடத்திலிருந்து றப்பரைத் தாண்டி வளையம்வரை வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். கோடு முறிந்தால் புல்லியை மாற்றாமல் மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டாம். றப்பர் பிதுங்கி வந்திருந்தால் ஒரு வாரமும் தேவையில்லை.

கொம்பிரசன் பார்க்க வசதி இருந்தால் பாருங்கள். பெற்றோல் எஞ்சினின் கேஜ் இதற்கு ஆகாது, வெடித்துவிடும். இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 22.2க்கு 1. நல்ல நிலையில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும், 20க்குக் கீழே போனால் எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்கு மேல் வரக் கூடாது. டீசலை அடைக்கிற சொலனொயிட்டின் வயரைக் கழற்றிவிட்டு, நல்ல பற்றறியோடு, நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். நான்கும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் காம் ரைமிங் சந்தேகம். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வோ றிங்கோ. பக்கத்துப் பக்கத்து இரண்டு குறைந்தால் கேஸ்கற். தேய்ந்த பழைய எஞ்சினும் நான்கிலும் ஒரே மாதிரிக் குறையும் என்பதால், இந்த அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வால்வு கவர் சோதனையோடு சேர்த்துப் பார்த்தால்தான் பெறுமதி.

பெல்ற் ஏன் தாண்டியது என்று தெரியாமல் புதுப் பெல்ற் போடுவது காசைக் களிக்குள் எறிகிற மாதிரி. இந்தப் பகுதியில் காரணங்கள் நான்கைந்துதான். முதலாவது கிறவல் தூசி. ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கத்து உள்வீதிகளில் தை, மாசிக்குப் பிறகு எழும்புகிற அந்தச் செம்மண் மா மாதிரி நுண்ணியது. கீழ்க் கவரின் கேஸ்கற் காணாமல் போயிருந்தால், அல்லது கவர் உடைந்து கம்பி கட்டியிருந்தால், அது உள்ளே போய் பெல்ற்றுக்கும் புல்லிக்கும் நடுவில் அரம் மாதிரி வேலை செய்யும். புல்லியின் பற்கள் ஒரு பக்கம் மட்டும் கூராக மினுங்கினால் அந்தப் புல்லியும் போக வேண்டும். சின்னக் கல் ஒன்று பல்லுக்குள் மாட்டினால் பெல்ற் அந்த நொடியே தாண்டும். 2018 டிசம்பர் வெள்ளம் மாதிரியான நேரங்களில் தண்ணீருக்குள் ஓடிய வண்டிகளின் கவருக்குள் வண்டல் காய்ந்து கட்டியாகக் கிடக்கும். கவரைத் திறந்தால் குச்சியால் கிளறி எடுக்க வேண்டி வரும்.

இரண்டாவது ஒயில். காம் சீல், கிராங் முன் சீல், பம்பின் முன் சீல் மூன்றும் அந்தக் கவருக்குள்தான். ஒயில் பட்ட பெல்ற் ஊதி மிருதுவாகும், பல் அடியில் வெடிக்கும். கவரின் அடியில் சொட்டுவது ஒயிலா டீசலா என்று விரலால் தொட்டு மணந்து பாருங்கள். டீசல் என்றால் பம்பின் முன் சீல். அப்படிச் சொட்டுகிற வண்டியில் பெல்ற்றை மட்டும் மாற்றுவது மூன்று மாதத்துக்குத்தான்.

மூன்றாவது, பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற ஐட்லர் சில்லும் அதன் ஸ்பிறிங்கும். ஐட்லரைக் கையில் வைத்துச் சுற்றினால் சத்தமில்லாமல், கொஞ்சம் பாரமாகச் சுற்ற வேண்டும். விர்ரென்று சுற்றினால் உள்ளே கிறீஸ் இல்லை. ஸ்பிறிங் நீண்டிருக்கிறதா என்று புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்காவது பம்பே இறுகுவது. தண்ணீர் கலந்த டீசலில் பம்ப் ஒரு கணம் பிடித்தால் பெல்ற்தான் விட்டுக்கொடுக்கும். பில்டரின் அடியிலிருக்கிற குமிழை மாதத்துக்கு ஒரு முறை திறந்து தண்ணீரை விடாதவர்களுக்கு வருவது இது.

ஐந்தாவது எல்லோரும் கவனிக்காதது: கிராங்கின் சாவிப் பள்ளம், அதாவது புல்லி நழுவாமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு (சாவி) உட்காரும் பள்ளம். கிராங் புல்லி போல்ற் இறுக்கம் காணாமல் ஓடினால் பெல்ற் புல்லி சாவியில் ஆடி, பள்ளத்தை அகலமாக்கும். அப்படியான எஞ்சினில் ரைமிங் ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. சும்மா ஓடும்போது அடியில் ஒரு டொக்கு டொக்கு. அளந்த அளவு ஒவ்வொரு முறையும் மாறினால் பெல்ற்றைத் திட்டாமல் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

வேலைக்கு எடுத்து வைக்க வேண்டியவை: பெல்ற் ஒன்று, ஐட்லர், ஸ்பிறிங், காம் சீல், கிராங் முன் சீல், கவர் கேஸ்கற், டீசல் பில்டர் ஒன்று. பம்பின் முன் சீல் ஒழுகினால் அதுவும், ஆனால் அதற்குப் பம்ப் கீழே வர வேண்டும். வாங்கும்போது பழைய பெல்ற்றைக் கொண்டுபோய்ப் பல்லை எண்ணி, அகலம் பார்த்து எடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். போலிப் பெல்ற்றில் அச்சு விரலால் உரசினாலே போகும், பல்லின் மேல் துணி ஒழுங்காக ஒட்டியிருக்காது. மடித்துக் கட்டி றப்பர் வளையம் போட்டு வைத்த பெல்ற் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கூராக மடித்தால் உள்ளே இருக்கிற நூல் முறியும், வெளியே ஒன்றும் தெரியாது.

கழற்றுகிற வேலை நீளம், கஷ்டம் இல்லை. விசிறி, விசிறிப் பெல்ற்றுகள், கிராங் புல்லி, பிறகு கவர். புல்லியை உளி வைத்து அடித்து எடுக்காதீர்கள், றப்பர் விடுவது அங்கேதான் தொடங்குகிறது. புல்லர் போடுங்கள். பழைய பெல்ற்றை எடுக்க முதல் ஒன்றாம் சிலிண்டரை அமுக்கத்தின் ரொப்பில் நிறுத்தி, மூன்று புல்லியின் குறிகளும் எங்கே நிற்கின்றன என்று போனில் ஒரு படம் எடுங்கள். இந்தப் படம்தான் நோயறிக்கை. எது தாண்டியது, எத்தனை பல் என்பதெல்லாம் அதில் இருக்கும். கிராங்குக்கும் காமுக்கும் நடுவிலா, காமுக்கும் பம்புக்கும் நடுவிலா என்பதும் தெரியும்.

பெல்ற் கழன்றதும் பம்ப் புல்லி தானாகத் துள்ளித் திரும்பும். உள்ளே ஸ்பிறிங்குகள் தள்ளுகின்றன, பிழை இல்லை. காமும் கொஞ்சம் ஆடும். பெல்ற் இல்லாமல் கிராங்கையோ காமையோ சுற்றக் கூடாது. இந்த அமுக்க விகிதத்தில் ரொப்பில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இடமே இல்லை, திறந்த வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஓடும்போது அறுந்தால் வால்வு வளையும், காமே முறிந்த எஞ்சின்களும் உண்டு. சுற்றியே ஆக வேண்டுமென்றால் கிராங்கை ரொப்பிலிருந்து கால் சுற்றுப் பின்னால் எடுத்து, பிஸ்டன்களை நடுவில் நிறுத்திவிட்டுக் காமைத் தொடுங்கள்.

புதுப் பெல்ற்றைப் போடும்போது இழுக்கிற பக்கத்தில், அதாவது ஐட்லர் இல்லாத பக்கத்தில், தளர்வு ஒரு துளியும் இருக்கக் கூடாது. கிராங்கில் மாட்டி, அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்தபடி மற்றப் புல்லிகளுக்குக் கொண்டுபோங்கள். மிஞ்சுகிற தளர்வெல்லாம் ஐட்லர் பக்கம் வர வேண்டும். பம்ப் புல்லியைக் குறியில் பிடித்து நிறுத்த இன்னொரு கை வேண்டும், தனியே செய்தால் ஒரு பல் தள்ளித்தான் உட்காரும். ஐட்லர் போல்ற்றைத் தளர்த்தி ஸ்பிறிங்கை வேலை செய்ய விடுங்கள். நெம்புகோல் வைத்துக் கூடுதலாக இறுக்குவது இங்கே பரவலான பழக்கம். அளவுக்கு மிஞ்சி இறுக்கிய பெல்ற் ஊளையிடும், ஐட்லரைத் தின்னும், பம்பின் முன் புஷ்ஷையும் தின்னும். கிராங்கை இரண்டு முழுச் சுற்று வலஞ்சுழியாகக் கையால் சுற்றி மறுபடி ரொப்பில் நிறுத்துங்கள். மூன்று குறியும் நேரே நின்றால் மட்டும் ஐட்லரை இறுக்குங்கள். ஒன்று விலகினாலும் திரும்பத் தொடக்கத்திலிருந்து. சுற்றும்போது எங்காவது முட்டினால் பலத்தைக் கூட்டாதீர்கள், அது வால்வு. போல்ற்றுகளின் இறுக்கத்துக்கு அந்தந்த எஞ்சினின் புத்தக அளவும் ரோர்க் ஸ்பனரும் வேண்டும். கிராங் போல்ற் விஷயத்தில் குறிப்பாக, மேலே சொன்ன சாவிப் பள்ளத்துக்காக.

இதற்குப் பிறகுதான் பம்ப். முதலில் விளிம்பில் இருக்கிற இரண்டு கோடுகளையும் நேரே கொண்டுவந்து நிறுத்துங்கள். பாதி வண்டிகளுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. சரியாக அளக்க வேண்டுமென்றால் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டுகிற டயல் கேஜ் வேண்டும், அதைப் பூட்ட ஒரு அடப்டரும். பம்பின் பின்தலையில் நான்கு டீசல் குழாய்களுக்கு நடுவில் இருக்கிற போல்ற்றைக் கழற்றி அந்த இடத்தில் கேஜைப் பூட்டுவார்கள். குளிர் ஸ்ரார்ட்டுக்கென்று பம்பின் பக்கத்தில் மெழுகு நிரப்பிய ஒரு அமைப்பு இருந்தால், எஞ்சின் குளிராக இருக்கும்போது அது எரிப்பை முந்தவைத்துக்கொண்டிருக்கும். அதன் நெம்பைத் திருப்பி 8.5 முதல் 10 மி.மீ. தடிப்பான தகடு ஒன்றை நடுவில் வைத்து அதை விலக்கி நிறுத்தாமல் அளந்தால் வருகிற அளவு பொய். பலர் தவறுகிற இடம் இது. ரொப்புக்கு 25, 30 பாகை முன்னால் கிராங்கை நிறுத்திக் கேஜைச் சைபருக்கு வையுங்கள். கிராங்கை இங்கிட்டும் அங்கிட்டும் சற்று அசைத்தாலும் முள் அசையக் கூடாது. பிறகு மெதுவாக ரொப்புக்குக் கொண்டுவந்தால் முள் காட்டுவதுதான் பம்பில் டீசலைத் தள்ளுகிற பிளன்ஜர் நகர்ந்த தூரம். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அளவு அது. சரியான எண் பம்ப் இலக்கத்துக்கு இலக்கம் மாறும், 3எல்லின் அளவை 2எல்லுக்கு வைக்க முடியாது. அளவு குறைவு என்றால் பிந்தியிருக்கிறது: பம்பின் தண்டு சுற்றுகிற திசைக்கு எதிர்ப்புறமாக உடலைத் திருப்புங்கள். கூட என்றால் சுற்றுகிற திசைக்கே. திருப்ப முதல் நான்கு டீசல் குழாய் நட்டுகளையும் பின் தாங்கியையும் தளர்த்துங்கள், இல்லையென்றால் குழாய்கள் முறுகி ஒரு மாதத்தில் வெடிக்கும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள். இறுக்கும்போதே சற்று நகரும்.

எல்லாக் குறியும் சரி, பிளன்ஜர் அளவும் சரி, சும்மா ஓடும்போது சுத்தம். ஆனால் மூன்றாம் கியரில் மிதித்தால் வெண்சாம்பல் புகை, இழுவை இல்லை. அப்படியென்றால் பம்புக்குள்ளே இருக்கிற ரைமர் பிஸ்டன். எஞ்சின் வேகம் கூடக்கூட பம்பின் உள் அமுக்கம் கூடி, அது ரைமரைத் தள்ளி எரிப்பை முந்தவைக்கும். அமுக்கம் வரவில்லை என்றால் வேகத்தில் மட்டும் பிந்தும். பம்பைக் கழற்ற முதல் மேலே திரும்பு குழாயின் போல்ற்றைப் பாருங்கள். அதன் தலையில் "அவுட்" என்று அடித்திருக்கும், உள்ளே ஊசித் துளை மட்டும்தான். உள்ளே வருகிற குழாயின் போல்ற் பார்வைக்கு அதே மாதிரி, ஆனால் துளை பெரிது. யாரோ முன்பு கழற்றிய நேரம் இரண்டையும் மாற்றிப் பூட்டியிருந்தால் எத்தனை முறை பெஞ்சில் ஓட்டினாலும் வண்டியில் சரிவராது. ஒரு தும்பு நூல் ஊசித் துளையை அடைத்திருந்தால் எதிர்மாறு: உள் அமுக்கம் கூடி எரிப்பு முந்தும்.

போல்ற்றும் சரியென்றால், அப்போது பம்ப் கடைதான். பெரும்பாலும் காரணம் மண்ணெண்ணெய். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியே வாழ்ந்த ஊர் இது. அன்று வேறு வழி இல்லை, எஞ்சினும் அதைத் தாங்கியது என்ற நினைவு இன்றைக்கும் சிலரை டீசலுக்குள் கலக்க வைக்கிறது. இந்தப் பம்புக்குத் தனி ஒயில் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் ஒயில். மண்ணெண்ணெய் மெல்லியது, வழுக்கல் இல்லை. உள் பம்பின் தகடுகள் தேயும், தேய்ந்த இடைவெளியால் மெல்லிய எண்ணெய் கசியும், அமுக்கம் விழும், ரைமர் நகராது. இந்த வண்டியை நல்ல டீசலில் ஓட்டிப் பார்த்தால் புகை கொஞ்சம் குறையும். குறைந்தால் நோய் உறுதி, ஆனால் தேய்ந்தது திரும்பி வளராது.

பூட்டி முடிந்ததும் பில்டர் மேலிருக்கிற கைப் பம்பை இறுகும்வரை அமுக்கி, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கிற நொசில் பக்கத்து நட்டுகள் நான்கையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஸ்ரார்ட்டரைச் சுற்றி, ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஸ்ரார்ட்டரை ஒரே மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். சிலிண்டர்கள் எரிகிற 1-3-4-2 ஒழுங்கில் குழாய்கள் போகின்றனவா என்று ஒரு முறை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சும்மா ஓடும் வேகத்தை 700 அளவில் வையுங்கள். சோதனை ஓட்டத்துக்கு மலை இல்லாததால், பாரம்தான் மலை. பின்பெட்டியில் 500 கிலோ ஏதாவது போட்டு, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் நான்காம் கியரில் 40இலிருந்து அடி மிதித்து 70 வரை ஏற்றுங்கள். இன்னொருவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து புகையைப் பார்க்கட்டும். ஓட்டுபவருக்குக் கண்ணாடியில் தூசிதான் தெரியும்.

பெல்ற்றின் ஆயுள் புத்தகப்படி 100,000 கி.மீ., அப்போது டாஷ்போர்ட்டில் ஒரு லைற்றும் எரியும். அந்த லைற் அணைந்திருப்பதற்கு பெல்ற் மாற்றியதாக அர்த்தமில்லை, பல்ப் கழன்றாலும் அணையும். கிறவலிலும் வயலிலும் ஓடுகிற வண்டிக்கு 70,000 அல்லது ஐந்து வருடம், எது முந்தியோ அது, என்பதே எங்கள் கணக்கு. மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் பெல்ற் இலக்கத்தையும் ரைமிங் கவரின் மேல் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். புத்தகத்தில் எழுதினால் வண்டி கை மாறும்போது புத்தகம் போய்விடும்.